தொடக்க மோட்டாரும் அதன் பிணிகளும்

மாணவர்களே! இன்று சாவியைத் திருப்பியவுடனே மோட்டார் வண்டியின் எஞ்சின் இயங்கத் தொடங்குவதைக் காண்கிறீர்கள். முற்காலத்தில் இஃது இத்துணை எளிதாக இருக்கவில்லை. வண்டியின் முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடியைப் பொருத்தி, அதனை வலிந்து சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், அக்கைப்பிடி சுழற்றுவோரின் மணிக்கட்டையே முறித்துவிடும். இத்துன்பத்தை நீக்க வழிகண்டவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியல் வல்லுநர். அவர் அமைத்த மின்சாரத் தொடக்கக் கருவி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது.

அக்கருவி இயங்கும் முறையை முதலில் அறிவோம். சாவியைத் திருப்பும்போது சிறிதளவு மின்சாரம் 'சொலினாய்டு' என்னும் மின்காந்த உறுப்புக்குச் செல்கிறது. அவ்வுறுப்பு, மோட்டாரின் சிறு பற்சக்கரத்தை முன்தள்ளி எஞ்சினின் பெருஞ்சக்கரத்தோடு பிணைக்கிறது. பாட்டரியின் மின்சாரம் மோட்டாருக்குள் பாயவும் வழிதிறக்கிறது. அவ்வேளையில் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பாய்வதுண்டு. ஆதலின், இணைப்பில் தோன்றும் சிறு தடையும் பெருங்கேடு விளைக்கும்.

வண்டி கிளம்பவில்லையெனில், உடனே மோட்டாரைக் குறைகூறுதல் தகாது. கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடையை இழுத்துவிட்டு, முகப்பு விளக்குகளை ஏற்றிச் சாவியைத் திருப்புக. விளக்கொளி பெரிதும் மங்கினாலோ, 'டக்டக்' என்னும் ஒலி விரைந்து தொடர்ந்தாலோ, பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்திருக்கும். அன்றி, அதன் முனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். நன்கு மின்னேற்றிய பாட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக் காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் மின்னேற்றம் தேவை.

விளக்குகள் மங்காமல், ஒரே ஒரு 'டக்' ஒலி மட்டும் எழுமாயின், சொலினாய்டின் தொடுமுனைகளையோ மோட்டாரின் தேய்ந்த கரித்துண்டுகளையோ ஐயுறலாம். ஒலியே எழவில்லையாயின், பியூஸ், ரிலே, சாவிப் பூட்டு ஆகியவற்றை ஆராய்க. மோட்டார் சுழன்றும் எஞ்சின் சுழலவில்லையெனில், பற்சக்கரங்கள் பிணையவில்லை என்று அறிக.

முனைகளைத் துப்புரவு செய்யும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கலந்த நீர், படிந்துள்ள அமிலத்தைப் போக்கும். பாட்டரியிலிருந்து ஹைடிரஜன் வாயு வெளிப்படக்கூடும். அஃது எளிதில் தீப்பற்றி வெடிக்கும். ஆதலால், அதனருகே நெருப்பு ஆகாது. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கே இறுதியாகும். பெரியவர் துணையின்றி இப்பணிகளில் இறங்காதீர்கள்.

நல்ல மருத்துவர் நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுப்பார். அழுக்கேறிய ஒரு முனையைத் துடைக்காமல், குற்றமற்ற மோட்டாரை மாற்றிப் பொருளிழப்போர் பலர். முறையாக ஆராய்பவருக்கோ பொருளும் மிஞ்சும், அறிவும் வளரும்.