பெற்றவளையே ‘தாய் இல்லை’ என்ற பரிசோதனை

அன்புள்ள யாழினிக்கு,

டி.என்.ஏ. பரிசோதனை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீலே கிடையாதா என்று கேட்டிருந்தாய். உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து இளம்பெண் ஒருவரின் கதையைக் கேள்.

2002-இல் அவர் துணைவரைப் பிரிந்து, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அதற்காகக் குடும்பத்தினருக்கு டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. பிள்ளைகளுடன் அப்பா பொருந்தினார், அம்மா பொருந்தவில்லை! மோசடி என்று சந்தேகித்தார்கள் அதிகாரிகள். அப்போது அவர் மீண்டும் கர்ப்பமாக இருந்தார். பிரசவ அறையில் ஒரு சாட்சியை நிறுத்தி, அங்கேயே ரத்தம் எடுக்க வைத்தது நீதிமன்றம். அந்தக் குழந்தையும் அவருடையது இல்லை என்றது முடிவு.

துப்பு பாஸ்டனிலிருந்து கிடைத்தது. அங்கே சிறுநீரகம் செயலிழந்த 52 வயதுப் பெண்ணுக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பொருத்தம் பார்த்தபோது, மூன்று மகன்களில் இருவர் அவர் பெற்றவர்களாக இருக்க முடியாது என்று தெரிந்தது. மருத்துவர்கள் விடவில்லை. ரத்தத்தில் ஒரே வகை மரபணுதான். தைராய்டு போன்ற பிற திசுக்களிலோ இரண்டு வகை! இந்த ஆய்வு 2002-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. வாஷிங்டன் வழக்கின் வழக்கறிஞர் ஒருவர் இதை அறிந்ததும், அந்தப் பெண்ணின் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். பிள்ளைகளுடன் பொருந்தியது.

இப்படி ஒரே உடலில் இரண்டு வகை மரபணு இருப்பதற்குக் கைமெரிசம் என்று பெயர். இரண்டு சினைமுட்டைகள் தனித்தனியே கருவுற்றால் இரட்டையர் பிறப்பார்கள். மிக அரிதாக, அந்த இரு கருக்களும் தொடக்கத்திலேயே ஒட்டி ஒரே குழந்தையாகிவிடும். அப்புறம் ரத்தம் ஒரு கருவின் வழியில் உருவாகலாம், சினைப்பை இன்னொன்றின் வழியில் உருவாகலாம். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாமல் இருக்கலாம்.

பிறவியில்தான் என்றில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் கொடையாளரின் டி.என்.ஏ. இருக்கும், தலைமுடியின் வேரில் அவருடைய சொந்த டி.என்.ஏ. இருக்கும்.

அந்த இரண்டு பெண்கள் விஷயத்திலும் ஆய்வகம் தப்பாகப் படிக்கவில்லை. கையில் வந்த மாதிரியைச் சரியாகவே படித்தது. அந்த மாதிரிதான் முழு ஆளுக்கும் சாட்சியாகவில்லை.

அதனால், ‘பொருந்தவில்லை’ என்று ஓர் அறிக்கை வந்தால் முதலில் மாதிரி மாறியதா, கலந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு வேறொரு திசுவில் மறுபரிசோதனை. பாட்டியின் டி.என்.ஏ.வையும் ஒப்பிடலாம்: தாய்வழிப் பாட்டியோடு பேரப்பிள்ளை பொருந்தினால், விசாரணையை அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.

அன்புடன்,
அத்தை