குலை வாங்குவோர் கடமை

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்தில் அமைந்தது. இன்று அப்பயிரை நம்பிச் சிறுதோட்டக்காரர் பலர் வாழ்கின்றனர்.

பழுத்த குலையில்தான் எண்ணெய் மிகுதி. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அது ஆலை சேர வேண்டும். இவற்றை மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய அலுவலர் கற்பிக்கின்றனர். நிலம் கெடாத சாகுபடிக்கான எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழும் 2020 முதல் கட்டாயம். ஆயினும் காத்திருக்க இயலாத சரக்குக்காரர் விலை பேச இயலாதவர்.

சந்தை விலை அறியாது சரக்கு கொணர்வோரை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே! அன்றைய விலையை முன்னரே சொல்லுங்கள். எடையைக் கண்முன் காட்டுங்கள். பிடித்தத்திற்குக் காரணம் கூறுங்கள். நேர்மையான விலை கிட்டாவிடில், உழவர் பெற்ற பயிற்சி வீணே.