வாக்குக்கு எடை உண்டு

சமூக ஊடகத்தில் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். இன்னொருவர் கருத்துரைக்கிறார். வேறொருவர் விருப்பக் குறியை அழுத்துகிறார். விளம்பர வருமானமோ பெரும்பாலும் நிறுவனத்தையே சேர்கிறது. பயனர்களுக்கும் பங்கு கிடைக்க வேண்டாமா? அந்த நோக்கத்துடன் நெட் ஸ்காட், டேன் லாரிமர் ஆகிய இருவரும் 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய தளம்தான் ஸ்டீமிட்.

இத்தளத்தின் பதிவுகள் ஒரே நிறுவனத்தின் கணினியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. உலகின் பல இடங்களில் உள்ள கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்திருக்கின்றன. இம்முறையை பிளாக்செயின் என்பர். அதில் ‘ஸ்டீம்’ என்னும் மின்னிலக்க நாணயம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு பகுதி வெகுமதிக்கென ஒதுக்கப்படும். ஒரு கட்டுரை வெளிவந்து ஏழு நாள்கள் ஆனதும், அது பெற்ற வாக்குகளுக்கேற்ப வெகுமதி வழங்கப்படும். 2019இல் வந்த விதிப்படி, பாதி எழுதியவருக்கு, மறுபாதி வாக்களித்தவர்களுக்கு.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், இங்கு எல்லா வாக்குகளும் சமமல்ல. பொதுத் தேர்தலில் கோடீசுவரருக்கும் ஒரே வாக்குதான். ஸ்டீமிட்டிலோ, நாணயத்தை விற்காமல் முடக்கி வைத்திருப்பவரின் வாக்குக்கு அந்த அளவுக்கேற்ற எடை உண்டு. ஆயிரம் நாணயம் வைத்திருப்பவர் ஒருமுறை சொடுக்குவது, பத்து நாணயம் வைத்திருக்கும் நூறு பேர் சொடுக்குவதற்கு ஏறக்குறைய ஈடாகும். விளைவு என்ன? சிலர் தம் கட்டுரைக்குத் தாமே வாக்களித்துக்கொண்டனர். வாக்குகளை விலைக்கு விற்கும் தானியங்கி நிரல்களும் முளைத்தன. நல்ல கட்டுரையைத் தேடிப் படித்தவருக்குக் கிடைத்ததைவிட, எதையும் படிக்காத நிரலுக்கு அதிகம் கிடைத்தது.

2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை ஜஸ்டின் சன் என்ற தொழிலதிபர் வாங்கினார். நிறுவனத்திடம் இருந்த பெருந்தொகை ஸ்டீமும் அவர் கைக்கு வந்தது. பேரேட்டைப் பராமரிப்போரைத் தேர்ந்தெடுப்பதும் இதே எடையுள்ள வாக்குகள்தாம். எனவே, பராமரிப்பாளர்கள் அஞ்சி அந்த நாணயத்தை முடக்கினர். அடுத்த மாதம், சில நாணயச் சந்தைகள் வாடிக்கையாளர்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த ஸ்டீமைக் கொண்டே வாக்களித்தன. பழைய பராமரிப்பாளர்கள் இடமிழந்தனர்.

பயனர்களில் ஒரு பகுதியினர் பேரேட்டின் படியை எடுத்துக்கொண்டு, மார்ச் 20ஆம் நாள் ‘ஹைவ்’ என்னும் தனி வலைப்பின்னலைத் தொடங்கினர். பழைய கட்டுரைகள் அங்கும் இருந்தன. நிறுவனத்திடம் இருந்த நாணயத்துக்கு ஈடான பங்கு அங்கு அதற்கு வழங்கப்படவில்லை. ஆயினும், ஹைவிலும் ஒருவரது வாக்கின் எடையை அவர் வைத்திருக்கும் நாணயமே முடிவு செய்கிறது.