ஒரு சீரியலுக்காக இவ்வளவா?

கேள்வி: டிவி சீரியலை நிறுத்தியதற்காக அமெரிக்காவில் போராட்டமே நடந்ததாக, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். இன்னமும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு சீரியலுக்காக இவ்வளவா?

— வாசகி, திருநெல்வேலி

பதில்: நடந்தது உண்மைதான். 2011 ஏப்ரலில் ஏபிசி தொலைக்காட்சி, 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' என்ற இரண்டு பகல்நேரத் தொடர்களை நிறுத்தப்போவதாக ஒரே நாளில் அறிவித்தது. முதலாவது 1970-லும் மற்றது 1968-லும் தொடங்கியவை. இரண்டையும் உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன். வியட்நாம் போர், கருக்கலைப்பு, எய்ட்ஸ் என்று வீட்டில் வாய்விட்டுப் பேசத் தயங்கியவற்றை மத்தியான வேளையில் கூடத்துக்கே கொண்டுவந்த பெண்மணி அவர்.

'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் எரிக்கா கேன் என்ற பாத்திரத்தில் சூசன் லூச்சி 1970 முதல், ஏபிசியில் அது முடியும்வரை நடித்தார். பாட்டி, அம்மா, பேத்தி என மூன்று தலைமுறை அவரோடு வயதானது. நாற்பது வருஷம் தினமும் வீட்டுக்கு வந்தவளை அனுப்பிவிட்டால் வயிறு எரியாதா?

ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், தெருவில் நின்றார்கள். ஹூவர் நிறுவனம் அந்தச் சேனலுக்கான விளம்பரத்தையே விலக்கிக்கொண்டது. பலனில்லை. பார்ப்பவர்கள் குறைந்திருந்தார்கள், பேச்சு, சமையல் நிகழ்ச்சிகளுக்குச் செலவும் கம்மி. இத்தனைக்கும், மாற்றாக வந்தவற்றில் ஒன்றான 'தி ரெவல்யூஷன்' சில மாதங்களில் நின்றுபோனது! 2013-இல் இரண்டு தொடர்களும் இணையத்தில் திரும்பி வந்தன. அந்த ஆண்டைத் தாண்டவில்லை.

'வேலையற்றவர்கள்' என்று அந்த ரசிகர்களைக் கேலி செய்வது அநியாயம். அந்த அம்மாளின் கோபம் நியாயமானது, சகோதரி.