நிலைபெற்ற பெயர்

ஒரு பொருளைப் பிறவற்றினின்றும் பிரித்தறிய உதவுவது பெயர். இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் குறிக்கும் பெயரால் பயனில்லை. இவ்வுண்மை கணினியினிடத்தும் பொருந்துமாற்றைக் காண்போம்.

பின்லாந்து நாட்டினராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸைத் தோற்றுவித்தார். லினக்ஸ் இயங்கும் கணினியில், யூ.எஸ்.பி. துளையிற் செருகப்படும் கருவிகள் கண்டறியப்பட்ட முறைப்படியே பெயர் பெறுகின்றன. முதலில் அறியப்பட்ட வட்டு ‘எஸ்டிஏ’, அடுத்தது ‘எஸ்டிபி’. அளவைக் கருவிகள் பல ‘டிடிஒய்யூஎஸ்பி 0’, ‘டிடிஒய்யூஎஸ்பி 1’ என வரும். வகுப்பினுள் முதலில் நுழைந்தவனை ‘ஒன்று’ எனவும், அடுத்தவனை ‘இரண்டு’ எனவும் அழைத்து, அப்பெயராலேயே நாடோறும் மதிப்பெண் பதிந்தால், ஒருவன் பெற்றது மற்றொருவன் கணக்கிற் சேருமன்றோ?

இதனால் விளையும் கேடு சிறிதன்று. வெப்பமானியும் மழைமானியும் ஒரே கணினியோடு இணைந்துள்ளன எனக் கொள்வோம். மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் அவற்றின் பெயர்கள் இடம் மாறுமாயின், வெப்பத்தின் அளவு மழைக்கணக்கில் ஏறிவிடும். வெற்று வட்டெனக் கருதி ஒருவன் அழிப்பது, அவன் பல்லாண்டு தொகுத்த செய்திகள் நிறைந்த வட்டாதலும் கூடும்.

இக்குறையை நீக்க உதவுவது ‘யூடெவ்’ என்னும் செயலி. கிரெக் குரோவா ஹார்ட்மன் 2003-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் ஆக்கியோர் எண், வகை எண் என்னும் இரண்டையும் தன்னகத்தே கொண்டுள்ளது. தனக்கே உரிய வரிசை எண்ணைக் கொண்டனவும் பல. ‘இவ்வெண்களையுடைய கருவி வரின், அதற்கு மழைமானி என்னும் பெயரும் உரியதாகுக’ என்னும் கருத்தமைந்த விதியை, அதற்குரிய கோப்பில் எழுதி வைத்தல் வேண்டும். யூடெவ் அவ்விதியைப் படித்து, அப்பெயரால் ஓர் இணைப்பை அமைக்கும். கணினி இட்ட பெயர் அழிவதில்லை; புதிய பெயர் அதனைச் சுட்டி நிற்கும். முன்னது நாள்தோறும் மாறினும், பின்னது அக்கருவியையே குறிக்கும்.

ஒரே வகைக் கருவிகள் இரண்டு, வரிசை எண் இன்றி வருதலும் உண்டு. பண்பாற் பிரிக்க இயலாத அவற்றை இடத்தாற் பிரித்தல் வேண்டும். செருகும் துளையை அடையாளமாகக் கொண்டும் விதி எழுதலாம். ஆயின், துளையை மாற்றிச் செருகினால் பெயரும் மாறிவிடும். ஆதலின், துளையருகே பெயரெழுதி ஒட்டி வைத்தல் நலம்.

மாணவர்களே! நம் இலக்கண நூலார் பெயரை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்தினர். வந்த முறையும் பெயருக்கு ஒரு காரணமே. எனினும், அது பொருளின்கண் நில்லாதது. வரிசை எண்ணோ பொருளை விட்டு நீங்காதது. நீங்காத காரணம் பற்றி இடப்பட்ட பெயரே நிலைபெறும்.