டைனமோவுக்கும் போனுக்கும் நடுவே ஓர் ஊருணி

கோவில்பட்டியிலிருந்து நெடுந்தூரம் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் டியூப், பம்ப், கடலைமிட்டாய் எல்லாம் மறக்காமல் எடுத்துவைக்கிறார்கள். கரண்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. நடுராத்திரியில் போன் அணைந்து, வழி தெரியாமல் டீக்கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. சேதாரம் போக 30 கிடைத்தால் நல்லது. 2 வாட் முன்விளக்கு மாலை 6.30 முதல் காலை 5.30 வரை எரிந்தால் 22 போய்விடும். மிச்சம் 8. போனுக்கு முழு சார்ஜ் ஏற்ற 19 வேண்டும். ஆக, ஓர் இரவுப் பயணத்துக்கு இரண்டு பவர் பேங்க். அதோடு சரி, டைனமோ தேவையில்லை.

600 கிலோமீட்டர் பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுகிறவர்களுக்கு 40 மணி நேரம் கெடு. அவர்களுக்குத்தான் முன்சக்கர ஹப் டைனமோ. 15 கிலோமீட்டர் வேகத்தில் அது 6 வோல்ட், 3 வாட் தரும். டயரில் உரசும் பழைய டைனமோ வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் கரிசல் மண் அப்பினால் உருளை வழுக்கும்.

சக்கரம் கோப்பதும் ஒயர் கட்டுவதும் கடையிலேயே முடிந்துவிடும். எல்லோரும் தடுமாறுவது அடுத்த இடத்தில். டைனமோவில் வருவது ஏசி கரண்ட். அதை 5 வோல்ட் டிசியாக மாற்ற ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதிலிருந்து நேரே போனுக்குக் கொடுத்தால், வேகத்தடைக்கு வேகத்தடை சார்ஜ் அறுந்து அறுந்து ஏறும். ஒவ்வொரு முறையும் திரை விழித்து, ஏறியதையும் தின்றுவிடும். கரிசல்காட்டு மழை நினைத்தபோதுதான் பெய்யும், அதனால் ஊருணியில் தேக்கி வைத்துக் குடிக்கிறோம். இங்கே ஊருணி பவர் பேங்க். கன்வெர்ட்டரிலிருந்து பவர் பேங்குக்கு, பவர் பேங்கிலிருந்து போனுக்கு.

எல்லா பவர் பேங்கும் ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் செய்யாது. வீட்டிலேயே சோதியுங்கள்: பவர் பேங்கைச் சுவரில் சொருகி, அதில் போனை மாட்டி, சுவர் பக்கத்து ஒயரைப் பத்து முறை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுங்கள். ஒரு முறை போன் சார்ஜ் நின்றாலும் அது இந்த வேலைக்கு ஆகாது. விளக்கைப் பவர் பேங்கில் மாட்டி, குறைந்த வெளிச்சத்தில் வைத்தும் அரைமணி நேரம் பாருங்கள். இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தானாகவே அணைந்துவிடும்.

பகலில் முன்விளக்கை அணைத்துவிட்டு டைனமோ கரண்டை முழுக்க பவர் பேங்குக்கே கொடுங்கள். ஆடியில் கழுகுமலை நோக்கி மிதித்தால் மேல்காற்று நேரே முகத்தில் அறையும். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று உங்கள் வேகத்தைப் பத்துக்கு இறக்கும், கரண்டும் குறையும். அன்றைக்குப் பாதிதான் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பவர் பேங்கை ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடேறிய லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. சீட்டுக்கு அடியில், நிழலில் வையுங்கள்.

பின்விளக்கை மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்க்காதீர்கள். தனி பேட்டரியில் இரண்டு மாட்டுங்கள். ஒன்று அணைந்தால் முன்னால் மிதிக்கிற உங்களுக்குத் தெரியாது. நான்குவழிச் சாலையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தச் சிவப்புதான் தெரியும்.