காவலுக்குப் பிறந்த கருமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டைகள் வந்து சேர்ந்தன. சங்குப்பூ, செம்பருத்தி, கொடிப்பசலைப் பழம், பீட்ரூட், மஞ்சள் என ஐந்து மைகள். எழுத்து திருத்தமாக இருக்கிறது. சுழிகளில் கை தயங்கவில்லை. உயிருள்ளவை தரும் மையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் நிற்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் நீ அனுப்பிய ஐந்தில் எதை நம்பியும் நிற்க முடியாது.

காரணத்தைச் சொல்கிறேன். சங்குப்பூவின் நீலம் வண்டை அழைப்பதற்காகச் செடி உண்டாக்கியது. பூ ஒரு நாளில் வாடிவிடும். அந்த நீலத்துக்கு ஒரு நாள் உழைத்தால் போதும். அதனால்தான் வெயிலில் வெளுக்கிறது, எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகிறது. கொடிப்பசலைப் பழம் பறவையைக் கூப்பிடுகிறது; பறவை தின்று பறந்தபின் அந்த நிறத்தால் செடிக்கு ஆவதொன்றுமில்லை. இதற்கு நேர்மாறாக, தன்னைக் காத்துக்கொள்ள உயிர்கள் சுரக்கும் பொருள்கள் இருக்கின்றன. மரப்பட்டையின் துவர்ப்பு, கணவாயின் கருமை, காளான் வித்தின் கறுப்பு எல்லாம் அந்த வகை. மையாக நெடுநாள் நிற்பவை பெரும்பாலும் இவைதான். விதிவிலக்கு உண்டு. மண்ணுக்கடியில் கிழங்கைக் காக்கும் மஞ்சளும், தாளில் வெயில் பட்டால் சீக்கிரமே ஓடிப்போகும். ஆனாலும் புதிதாக ஓர் உயிரை மைக்காகப் பார்க்கும்போது, இந்தப் பொருள் அதற்கு எதற்கு என்பதை முதலில் கேள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் நாட்டு மருந்துக் கடை. மாசிக்காய் கேள். பெயரில்தான் அது காய். துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் மரத்தின் கிளையில் மிகச் சிறிய குளவியொன்று முட்டையிட, அந்தப் புழுவைச் சுற்றி மரம் வீங்கி உருட்டிய உருண்டை அது. உள்ளே துவர்ப்பு அப்படிக் குவிந்திருக்கும். ஓட்டையில்லாத, கனமான, கறுத்த காயாகப் பொறுக்கு. ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதில் துவர்ப்பு குறைவு. அதே கடையில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் கிடைக்கும். மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டிய நீரில் அன்னபேதியைக் கரைத்து, கருவேலம் பிசின் சேர்த்தால், ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதிய மை உன் கிண்ணத்தில் இருக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும், பயப்படாதே. காற்றுப் பட்டு இரும்பு மாற மாறத் தாளின் இழைக்குள்ளேயே கறுக்கும். மேலே படிந்து நிற்காமல் உள்ளே இறங்கிக் கறுப்பதால் சுரண்டி அழிப்பது கடினம். பத்திரங்களுக்கு அதை நம்பியது அதனால்தான்.

பழைய வாய்பாடு ஒன்று பிசின் 1, அன்னபேதி 2, காய் 3, நீர் 30 பங்கு என்று சொல்லும். அதை அப்படியே செய்யாதே. மிஞ்சிய இரும்பும், கூடவே உண்டாகும் அமிலமும் தாளைத் தின்னும். பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும் இசையமைப்பாளர் பாக்கின் கையெழுத்துப் படிகள் அவர் எழுதிய மையாலேயே அரிக்கப்பட்டு, தாளை இரண்டாகப் பிளந்து நடுவில் தாங்குதாள் வைத்துக் காப்பாற்ற வேண்டிவந்தது. அன்னபேதியை 1 பங்காகக் குறைத்துப் பார். கறுப்பு சற்றுக் குறையும், தாள் பிழைக்கும்.

வெளிநாட்டுச் சரக்கு வேண்டாமென்றால் கடுக்காய் இருக்கிறது. கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரால் கறுப்புக் கோடு போடுகிறார்கள். மாசிக்காயின் வேதியியல்தான் அங்கேயும் வேலை செய்கிறது. கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நேரம் கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வா.

அடுத்து மீன் சந்தை. ஓட்டுக் கணவாய் சுத்தம் செய்பவர்கள் மைப்பையைத் தூக்கி எறிவார்கள். அதைக் கேட்டு வாங்கு. மைக்காக ஒரு கணவாயையும் கொல்ல வேண்டியதில்லை. எதிரியின் கண்ணை மறைக்க அது பீய்ச்சும் கருமை மெலனின் துகள்களால் ஆனது. உலர்த்தி அரைத்து, காரத்தில் கரைத்து, அமிலம் விட்டுப் படியவைத்து, பலமுறை நீரில் கழுவினால் நாற்றம் போகும், பழுப்பு நிறம் மிஞ்சும். டிரெஸ்டன் நகரத்து ஓவியர் யாக்கோப் சைடல்மான் 1780 வாக்கில் பக்குவப்படுத்திய முறை இது. மெலனினின் உறுதிக்கு ஒரு சாட்சியும் உண்டு. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் சேகரித்த எலிசபெத் பில்பாட், கல்லாகிப்போன மைப்பையைக் குழைத்து அந்த மையாலேயே ஒரு கடல் ஊர்வன விலங்கின் மண்டையோட்டை வரைந்து 1833இல் தோழிக்கு அனுப்பினார். சுமார் 16 கோடி ஆண்டுப் பழமையான மைப்பையை 2012இல் ஆராய்ந்தவர்கள், அதன் மெலனின் இன்றைய கணவாயின் மெலனினோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். ஆனால் கல்லுக்குள் இருட்டில் இருப்பது வேறு, சுவரில் வெயிலில் தொங்குவது வேறு. நேர் வெயிலில் அதுவும் கொஞ்சம் மங்கும். விளக்குப் புகைக்கரியின் உறுதி அதற்கு வராது.

காளான் பண்ணைகளில் வைக்கோல் படுக்கையில் களையாக முளைக்கும் மைக்காளானையும் விட்டுவிடாதே. தொப்பி விளிம்பிலிருந்து தன்னைத்தானே கரைத்துக்கொண்டு கறுப்பாகச் சொட்டும். வித்துகள் காற்றில் பறக்க அதுவே வழி. சொட்டுவதைப் பிடித்து, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, பிசின் சேர். கறுப்பு முழுவதும் அந்த வித்துகளில்தான் இருக்கிறது. மிக நுண்ணிய துணியில் வடித்தால் அதையும் இழப்பாய். கோடு பழுப்பாக, மென்மையாக விழும். படம் வரைய நன்று, பொடி எழுத்துக்கு ஆகாது.

இரண்டு எச்சரிக்கைகள். துணிகளில் சலவைக்காரர்கள் குறி போட்ட சேங்கொட்டைச் சாறு எந்த வெளுப்புக்கும் அசையாது. தோலில் பட்டால் கொப்புளமும் எளிதில் ஆறாது. காவல் பொருள் என்றால் அது உன்னையும் எதிரியாகத்தான் பார்க்கும். கையுறை இல்லாமல் தொடாதே, அடுப்பில் வாட்டாதே. பாக்டீரியாவில் ஊதா மை எடுக்கும் ஆசையையும் எழுதியிருந்தாய். அந்த ஊதாவைத் தரும் குரோமோபாக்டீரியம் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழ்வது. அரிதாகக் காயம் வழியே புகுந்தால் உயிருக்கே ஆபத்து. முறையான ஆய்வகமும் வழிகாட்டியும் கிடைத்தால் செய், சமையலறையில் வேண்டாம்.

அதற்காகப் பூ, இலைச் சாறுகளை வெறுத்துவிடாதே. ஓலைச்சுவடிக்காரர்கள் கோவையிலைச் சாற்றையும் ஊமத்தையிலைச் சாற்றையும் கரியோடு குழைத்து எழுத்தாணிக் கீறலில் தேய்த்தார்கள். சாறு கரியைக் கீறலுக்குள் கொண்டுசேர்த்தது, கரி நின்றது. நீயும் அப்படிச் சேர்த்துப் பழகு. எழுத்தின் உடம்பை நிற்கும் மையில் எழுது. ஓரத்துப் பூவேலைக்குச் சங்குப்பூ போதும். எதில் எழுதினாலும் தொட்டு எழுதும் பேனாவையே பயன்படுத்து. பிசினும் துகளும் ஊற்றுப்பேனாவை அடைத்துவிடும். அன்னபேதி மை எஃகு முள்ளை அரிக்கும் என்பதால் எழுதி முடித்ததும் கழுவிவிடு.

ஒவ்வொரு மையையும் விற்குமுன் சோதி. ஒரே கோட்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒரு மாதம் வை. இன்னொரு துண்டில் சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு, எலுமிச்சை ஒரு சொட்டு, வெறும் நீர் ஒரு சொட்டு விடு. பார்த்ததைத் தேதியோடு நோட்டில் எழுது. காசு இருந்தால், துணி ஆய்வகங்கள் வெளுப்பை அளக்கும் நீலக் கம்பளித் துண்டுகள் எட்டையும் வாங்கிப் பக்கத்தில் வை. மங்கியது எவ்வளவு என்று கண்மதிப்பில்லாமல் சொல்லலாம்.

மங்கும் மையை விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒரு மாதம் நின்றால் போதும். அதற்குச் செம்பருத்தி தாராளமாக எழுதலாம். பேரக்குழந்தைக்கு வைக்கும் குடும்ப மரத்துக்கு எழுதக் கூடாது. வாங்குபவரிடம் இது எதில் எடுத்தது, எவ்வளவு நாள் நிற்கும், எங்கே மாட்டக் கூடாது என்ற மூன்றையும் பின்பக்கத்தில் எழுதிக் கொடு. அந்த மூன்று வரியை மட்டும் எப்போதும் கடுக்காய் மையில் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்